மதியச் சாப்பாட்டுக்கு டியூட்டி போட்ட கதை

அன்புள்ள அக்காவுக்கும் மரியாதைக்குரிய அத்தானுக்கும்,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் பிள்ளைகள் மூவரும் சௌக்கியம். ஃபிரிட்ஜ் மட்டும் சில நாள் படுத்துக் கிடந்து இப்போதுதான் உடம்பு தேறிவருகிறது. உன் கடிதம் கிடைத்தது. "ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, லீவுல பிள்ளைங்க வெறும் ரொட்டியத் தின்னே வாடிப்போகும், ஒண்ணாம் தேதி வந்து மூணையும் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று எழுதியிருந்தாய். உன் பாசம் எனக்குத் தெரியாதா? ஆனால் அக்கா, பிள்ளைகள் இல்லாத வீட்டில் இரண்டு மாதம் நான் எப்படி இருப்பேன்? மதியம் இரண்டு மணிக்கு டெப்போவிலிருந்து வந்து கதவைத் திறந்தால் மூன்று குரலும் ஒரே நேரத்தில் புகார் சொல்ல வேண்டும். அப்போதுதான் எனக்கு மூச்சே சீராக வரும். அதனால் நீ வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே தீர்ப்புச் சொல்.

நூற்றுப் பத்து பஸ் டிரைவர்களுக்குப் பதினாறு வருடமாக டியூட்டி போடுகிறவன் நான். மூன்று வாய்க்கு ஒரு சார்ட் போட முடியாதா என்ன? டெப்போவின் பெரிய தாளிலேயே போட்டேன். டிரைவரை அடுத்தடுத்த நாள் ஒரே ரூட்டில் அனுப்பக் கூடாது என்பது எங்கள் விதி. அதன்படி ஒரு காய் வாரத்தில் ஒரு முறைதான். பஸ் வழியில் நின்றுபோனால் ஓட்ட ஒரு ஸ்பேர் பஸ் வைத்திருப்போம். அதன்படி தினமும் ஸ்பேராக ரொட்டியும் ஜாமும். சாப்பிட்டு முடித்தவர் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். சிவப்பு மை, நீல மை எல்லாம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் பெருமையாக நின்றேன். நடுவுள்ளவன், "வெண்டைக்காய்கிட்ட இருந்து எனக்கு வார ஓய்வு உண்டாப்பா?" என்று கேட்டான். பன்னிரண்டு வயதுப் பெரியவள் மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்துவிட்டு, "எல்லாம் இருக்குப்பா. யாரு சமைக்கிறதுன்னு மட்டும் எழுதலையே?" என்றாள். அக்கா, பதினாறு வருடத்தில் டிரைவர் பெயர் போடாமல் நான் அனுப்பிய முதல் வண்டி அதுதான்.

சரி, ஞாயிற்றுக்கிழமையே ஆறு நாளுக்கும் சமைத்துவிடுவோம் என்று இறங்கினேன். அந்த வெயிலில், அந்தச் சமையலறையில், நான் வெந்த அளவுக்குக் காய்கூட வேகவில்லை. ஆறு பாத்திரத்தையும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளியதில் பெரிய பாத்திரத்தின் காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவு இரண்டு விரல் அளவு மூட மறுத்தது. விடுவேனா? பழைய பஸ் கதவைக் கட்டுவதுபோல் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். புதன்கிழமை எங்கள் வீட்டு வாசலைக் கடந்தவர்கள் எல்லாம் கைக்குட்டையோடு கடந்தார்கள். ஆனால் பதிவேட்டைப் பார்த்தால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பன்னிரண்டு நாற்பதுக்கு மூவரும் சாப்பிட்டதாகக் கையெழுத்து! கெட்டுப்போனதைத் தின்றுவிட்டார்களோ என்று மூவரையும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். உன் தம்பி பெண்டாட்டி ரொட்டி டப்பாவைத் திறந்து காட்டினாள். காலி. மூன்று நாளும் எல்லா டிரிப்பையும் ஸ்பேர் வண்டியே அடித்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சோற்றையே கையெழுத்தில் மறைத்தவர்கள் என் பிள்ளைகள்தான்.

"பேசாம அண்ணியையே வரச் சொல்லிடலாங்க" என்றாள் அவள். ஐந்து வயதுச் சின்னது எழுந்துபோய், பள்ளிப் பையிலிருந்த புத்தகத்தைக் கொட்டிவிட்டுத் தன் தலையணையை அதற்குள் திணிக்க ஆரம்பித்தது. அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போது பெரியவள் என் சார்ட்டைக் கிழித்தெடுத்து, பின்பக்கத்தில் மூன்று வரி எழுதினாள். காலையில் அப்பா சோறும் முட்டையும் வேகவைத்துவிட்டுப் போக வேண்டும். மதியம் நாங்கள் அடுப்பைத் தொடாமல், வீட்டில் எந்தப் பச்சைக் காய் இருக்கிறதோ அதை நறுக்கிக்கொள்வோம். கடைசியில் ஒரு பழம். "அவ்ளோதான்ப்பா. இந்த வெயிலுக்குச் சூடா யாருக்கு வேணும்? கையெழுத்தெல்லாம் வேணாம்" என்றாள்.

நம்புவாயா, இரண்டு வாரமாகிறது, ரொட்டி டப்பாவை யாரும் தொடவில்லை. வெள்ளரிக்காயில் எலுமிச்சை பிழிந்து மிளகுத்தூள் தூவுகிறார்கள். கேரட்டைத் துருவி, ஊறவைத்த பயறோடு கலக்கிறார்கள். நான் இரண்டு மணிக்கு வந்தால் எனக்கும் ஒரு தட்டு மூடி வைத்திருக்கிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை அக்கா! நான் போட்ட சார்ட் தோற்றாலும், அது கொடுத்த கட்டுப்பாடு உள்ளே இறங்கியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆகவே ஒண்ணாம் தேதி நீ சிரமப்பட வேண்டாம். வீடு என் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

அத்தானின் முழங்கால் வலி குறையட்டும், உன் வாயில் எங்களைப் பற்றி நல்ல வார்த்தையே வரட்டும். பிள்ளைகளின் முத்தங்களோடு,

உன் அன்புத் தம்பி.

பி.கு.: அண்ணி, நான்தான் எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டித் தபாலில் போடும் வேலை என்னுடையது. யாரும் சொல்லித் தரவில்லையாம்! முதல் வாரம் முழுக்கத் தினமும் பன்னிரண்டே காலுக்கு, நான் வேலை பார்க்கும் தையல் ஆலைக்குப் பெரியவளிடமிருந்து போன் வரும். என் சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி மேஜை ஓரமாக நின்று, "உப்பக் கடைசியாப் போடு, கத்திய தம்பிகிட்டக் குடுக்காத" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அவரிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து போனே வரவில்லை. புதன்கிழமை பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். சின்னவள் எடுத்து, "அம்மா, நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாள். எனக்கு வருத்தமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அண்ணி, நீங்கள் ஒண்ணாம் தேதி அவசியம் வாருங்கள். யாரையாவது கூட்டிப்போயே தீர வேண்டும் என்றால் உங்கள் தம்பியைக் கூட்டிப்போங்கள். பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள்.