நீர்யானைக்குப் பதில் சொன்ன பிள்ளைகள்

தார் எஸ் சலாம் பிள்ளைகள் மாலையில் பார்க்கும் கார்ட்டூனில் ஒரு நீர்யானை உண்டு. வரைந்தது நான். பாட்டு எழுதிக் குரல் கொடுத்தவள் என் கூட்டாளி சௌசிகு. நீர்யானை ஒரு சட்டி உகாலிக் களியை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு, "யார் தின்னது? யார் தின்னது?" என்று பாடும். வீட்டிலிருக்கும் பிள்ளைகள் "நீதான்! நீதான்!" என்று கத்த வேண்டும். பாட்டு அவ்வளவுதான்.

மாவட்ட அதிகாரி கிலங்கா அவர்கள் ஒரு பள்ளியில் மதிய உணவைப் பார்வையிட எழுந்தருளினார். தொந்தி முதலில் வந்தது, பின்னால் அவர் வந்தார். அந்தப் பள்ளிக்கு வரவேண்டிய பீன்ஸ் மூட்டைகள் ஏனோ வழியிலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தன. காலித் தட்டுகளைப் பார்த்து அவர் அன்பொழுகக் கேட்டார்:

"அடடே, எல்லாத்தையும் யாரு சாப்பிட்டது?"

"நீதான்! நீதான்!"

ஆசிரியர்கள் கூரையைப் பார்த்தார்கள். கூரை இல்லாததால் வானத்தைப் பார்த்தார்கள்.

மறுநாள் அவர் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது.

"இந்த மிருகத்துக்கு எதுக்குய்யா இவ்வளவு வயிறு?"

"நீர்யானைங்க ஐயா," என்றேன்.

"நாட்டுல ஒல்லியா ஒரு நீர்யானைகூடவா இல்ல?"

சௌசிகு பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "ஐயா, தின்னது அதுதான். படத்துலயே தெரியுதே."

"விசாரணை முடியாம எப்படிம்மா சொல்லலாம்?"

அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நிகழ்ச்சி நின்றுவிடும். எங்கள் எல்லார் வீட்டு அடுப்பும்தான். நீர்யானை இளைத்தது. பதிலை "யாருமில்ல! யாருமில்ல!" என்று மாற்றினோம்.

அடுத்து அவர் அதே பள்ளியில் புது வகுப்பறை திறக்க வந்தார்.

"இதை உங்களுக்குக் கட்டிக் கொடுத்தது யாரு?"

"யாருமில்ல! யாருமில்ல!"

அங்கே நான்கு தூணும் ஒரு ரிப்பனும்தான் இருந்தன. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

இம்முறை ஆணையே வந்தது: 'மேற்படி பாடலில் கேள்வி இடம்பெறலாம். பதில், பொதுநலன் கருதி, மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது.'

சௌசிகு நேரே போய்க் கேட்டாள். "கூடச் சேர்ந்து பாடற பாட்டுய்யா இது. பதில் இல்லன்னா பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?"

"கூடச் சேர்ந்து சும்மா இருக்கட்டும்."

அப்படியே செய்தோம். நீர்யானை கேட்கும், உடனே வாயில் விரல் வைத்துக்கொள்ளும். பதிவின்போது சௌசிகு மூக்கை உறிஞ்சிய சத்தமும் விழுந்துவிட்டதால், மௌனத்தை மறுபடி பதிவு செய்ய நேர்ந்தது.

ஒளிபரப்பாகி ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி ஓயவில்லை. பெற்றோர்கள்தான். பதிலை நிறுத்தியதற்குத் திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சௌசிகு ஆசையோடு ஓடிப்போய் எடுத்தாள். ஒரு தாயின் குரல் எனக்கே கேட்டது:

"நீங்க நல்லா இருக்கணும்மா! வீடே அமைதியா இருக்கு. எம் பையன் ஏன், எதுக்குன்னு கேக்கறதையே விட்டுட்டான். பசிக்குதுன்னுகூட வாயத் திறக்கறதில்ல. இதத் தினமும் போடுங்களேன்!"

சௌசிகு முகம் சிவந்து நின்றாள். இவளாவது நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"சரிங்கம்மா," என்றாள். "காலையிலயும் ஒரு தடவை போடட்டுமா?"