காணாமல் போன மாடிகள்

மத்திய அரசிடமிருந்து எங்கள் பேரூராட்சிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. நாட்டிலுள்ள ஒவ்வோர் ஊரும், ஐந்தாவது மாடியில் சிக்கிக்கொண்ட ஒருவரை ஏணி வைத்து மீட்டு, மேலிடத்து ஆய்வாளர் முன்னிலையில் காட்ட வேண்டும். ஏணி, மாடி, சிக்கிக்கொள்ளும் நபர் ஆகிய மூன்றையும் ஊரே சொந்தப் பொறுப்பில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மத்திய அரசு தன் பங்காக நல்வாழ்த்துகளை வழங்கும்.

எங்கள் ஊரிலேயே உயரமான கட்டடம் பேரூராட்சி அலுவலகம்தான். அதற்கு மாடி ஒன்று. அதுவும் குள்ள மாடி. தெருவில் மேலே மேலே தார் போட்டதில் கீழ்த்தளம் பாதி பள்ளத்துக்குள் போய்விட்டது.

பேரூராட்சித் தலைவி சுற்றறிக்கையைப் படித்துவிட்டுச் செயலரைப் பார்த்தார்.

"தெருவிளக்குக்கு பல்பு மாத்தவே வழியில்ல. அஞ்சு மாடிக்கு நான் எங்க போவேன்? இதைக் குப்பையில போடுங்க."

"போடலாம்மா. கடைசி வரியை மட்டும் பாத்துடுங்க. மீட்டுக் காட்டாத ஊருக்குக் குடிநீர் மோட்டார் கிடையாதாம்."

தலைவி உட்கார்ந்துவிட்டார். ஊர் மோட்டார் எரிந்துபோய் மாதக்கணக்காகிறது. புது மோட்டாருக்கு மனுப் போட்டுவிட்டு ஊரே காலிக் குடத்தோடு நிற்கிறது. ஒருவரைப் பார்த்து "குளிச்சாச்சா?" என்று கேட்பது எங்கள் ஊரில் இப்போது மரியாதைக் குறைவு.

செயலர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"எவ்வளவு உசரம்னு இதுல எங்கயும் போடலம்மா. 'ஐந்தாம் மாடி எனக் குறிக்கப்பட்ட தளம்'னுதான் இருக்கு."

"அப்படின்னா?"

"குறிச்சுட்டாப் போதும்."

தலைவியின் கணவர் போர்டு எழுதுகிறவர். பேரூராட்சிக்குக் கட்டுப்படியாகும் ஒரே கலைஞர். படிக்கட்டுச் சுவரில் நாலைந்து படிக்கு ஒரு மாடியாக எழுதிக்கொண்டே ஏறி, மேலே போய் 'ஐந்தாம் மாடி' என்று சிவப்பில் பெரிதாக எழுதினார். எழுத்துக்குக் கீழே கறுப்பில் நிழலும் கொடுத்தார்.

"நிழலெல்லாம் எதுக்குங்க?" என்றார் தலைவி.

"உசரமாத் தெரியும்."

ஆய்வாளர் வந்தார். மூன்றாம் மாடி என்று எழுதியிருந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். லிஃப்ட் வைக்காததற்குக் கடிந்துகொண்டார். ஒருவழியாக மேலே வந்து கைப்பிடிச் சுவரருகே நின்றார்.

"ஆஹா, உசரத்துக்கு வந்தாக் காத்தே வேற!"

கீழே சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "வாங்க சார், சாப்டீங்களா?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"பாவம், எறும்பு மாதிரி தெரியறாரு" என்றார் ஆய்வாளர். சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் வெளிறியது. அப்படியே தரையில் சரிந்து தூணைக் கட்டிக்கொண்டார். "எனக்கு உசரம் ஆகாது!"

"அப்புறம் ஏன் சார் இந்த வேலைக்கு வந்தீங்க?"

"பதவி உயர்வுல வந்தது!"

சிக்கிக்கொள்ளும் நபராக முறைப்படி நியமிக்கப்பட்டிருந்த செயலர், தன் வேலையை வேறொருவர் பார்ப்பதைக் கண்டு ஓரமாக ஒதுங்கினார். கீழே தெருவிளக்குக்காரர் ஏணியைச் சாத்தினார். அதன் நுனி சுவரைத் தாண்டி ஓர் ஆள் உயரம் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மளமளவென்று ஏறி, சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"பயப்படாதீங்க சார். இது ஒரே ஒரு மாடிதான்."

தலைவி கண்ணாலேயே அவரைச் சுட்டெரித்தார். ஆனால் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

"என்னைத் தேத்துறதுக்காகப் பொய் சொல்லாதய்யா!" என்று அலறினார் ஆய்வாளர். "அரசாங்கச் சுவத்துல எழுதியிருக்கே, அது பொய்யா?"

படியில் இறங்கச் சொன்னார்கள். அஞ்சு மாடி உருண்டால் எலும்புகூட மிஞ்சாது என்றார். கண்ணைக் கட்டி இறக்கலாமா என்று செயலர் கேட்டார். ஆய்வாளர் தூணை இன்னும் இறுக்கினார். மோட்டார் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

தலைவி சுவரைப் பார்த்தார். தூணைப் பார்த்தார்.

"என்னங்க, பிரஷ்ஷை எடுங்க."

கணவர் 'ஐந்தாம்' என்பதை அழித்து 'நான்காம்' என்று எழுதினார்.

"சார், நாலாவது மாடிக்கு இறக்கிட்டோம்."

ஆய்வாளர் ஒரு கண்ணைத் திறந்து படித்தார். "ம்... கொஞ்சம் பரவாயில்ல."

மூன்றாம் மாடியில் தூணிலிருந்து ஒரு கையை எடுத்தார். இரண்டாம் மாடியில் காபி கேட்டார். முதல் மாடியில், "உங்க ஊர்ல நல்லாத்தான் மீட்கறீங்க" என்று பாராட்டினார். 'தரைத்தளம்' என்று எழுதி முடித்ததும் எழுந்து, சட்டையை நீவிவிட்டு, "ஜீப் எங்க?" என்றபடி சுவருக்கு வெளியே காலைத் தூக்கி வைத்தார்.

நல்லவேளை, தெருவிளக்குக்காரர் இன்னும் ஏணியில்தான் இருந்தார். "ஐயோ!" என்று தோளில் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினார். தெருவே கைதட்டியது. இப்படியாக, மீட்பு என்பது நிஜமாகவே நடந்துவிட்டது.

ஆய்வாளருக்கோ கோபம். "தரைத்தளத்துல நடந்து போற மனுசனைத் தோள்ல தூக்கறதா? இது என்ன பழக்கம்?"

ஆனாலும் நேர்மையான மனிதர். அவர் அறிக்கை இப்படி வந்தது: 'மீட்புப் பணி மிகச் சிறப்பு. ஊர் தேர்ச்சி பெற்றது. எனினும், நான் ஏறிச் சென்றபோது இருந்த ஐந்து மாடிகளும் நான் வெளியேறும்போது இல்லை. மேற்படி மாடிகளைப் பேரூராட்சி திரும்ப ஒப்படைக்கும் வரை மோட்டார் நிறுத்திவைக்கப்படுகிறது.'

செய்தி பரவியதும் ஊர் குடங்களோடு அலுவலகத்தின் முன் கூடியது.

"அஞ்சு மாடியை முழுங்கிட்டு ஏப்பம் விடறாங்களே!"

"சின்ன வயசுல அந்த அஞ்சாவது மாடியிலேருந்துதான் பட்டம் விடுவேன்" என்று சைக்கிள் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தோளில் கட்டுப் போட்டிருந்த தெருவிளக்குக்காரரைச் சாட்சி கேட்டார்கள். அவர் தோளைத் தடவிப் பார்த்தார். "தூக்கிட்டு இறங்குனப்ப இறங்க இறங்க படி வந்துக்கிட்டே இருந்துச்சுங்க. அஞ்சு மாடி இல்லாம அவ்வளவு தூரம் வராது."

தலைவி வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தார். கணவர் கதவைத் தாழிட்டார். ஜன்னலையும் சாத்தினார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் வெளியில மூச்சு விடமாட்டேன். எங்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லு. அந்த அஞ்சு மாடியையும் யாருக்கு வித்த?"