எருமை மாஸ்டரும் எங்கள் கால்களும்

கால்பந்தாட்டத்துக்குக் காலைப் போல இடைஞ்சல் வேறொன்றும் கிடையாது என்பதைக் கண்டுபிடித்த ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் எருமை மாஸ்டர்தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரனுக்கே அந்த விஷயம் தெரியாது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் சேலத்தில் காலேஜ் படித்துக்கொண்டு, கால்பந்துக் கோஷ்டியில் கோல் காத்துக்கொண்டிருந்தேன். காத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. முந்தின வருஷம் ஒரு மேட்ச்கூட நாங்கள் ஜெயிக்கவில்லை. பாதி ஆட்டத்துக்குள் தோற்று முடித்துவிட்டு, மீதி நேரம் நிம்மதியாக விளையாடுவோம். பிரின்ஸிபாலுக்கோ டென்னிஸ் பைத்தியம். இந்த வருஷம் ஒரு மேட்சாவது ஜெயிக்காவிட்டால் மைதானத்தை டென்னிஸுக்கு எடுத்துக்கொண்டு, புதிதாக வந்த மாஸ்டரையும் ஊருக்கு அனுப்பிவிடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் புது மாஸ்டர் சேந்தமங்கலத்துக்காரர். தன் பங்கு நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, பந்து சோறு போடும் என்று நம்பி வந்தவர். தோற்றுப்போய்த் திரும்பினால் அண்ணி முகத்தில் முழிக்க முடியாது என்று எங்களிடமே சொல்வார். மடித்துக் கட்டிய வேட்டி, அதற்குமேல் ஒரு கறுப்புக் கோட்டு, ஆணி அடித்த தோல்செருப்பு. கூடவே ஓர் எருமை. சேலத்துப் பாலை நம்பமாட்டேன் என்று ஊரிலிருந்து நடத்தியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சாயங்காலம் நாங்கள் ஓடுவோம், அது மேயும். அவர் பெயரை யார் கேட்டார்கள்? முதல் வாரத்திலேயே அவர் எருமை மாஸ்டர் ஆகிவிட்டார்.

திட்டினால்கூட மரியாதை குறையாது அவருக்கு. “கண்ணு பொடனியிலயா இருக்குதுங்க சாமி? ரெண்டு காலையும் ஒடிச்சு அடுப்புல வெச்சுப்போடுவேனுங்க” என்பார். யார்மேல் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் ஓடுவோம்.

முதல் மேட்சிலேயே எங்கள் வியாதி அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முன்னால் நின்று தடுக்கவேண்டியவன் பொன்னுச்சாமி, திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பையன். நல்ல உயரம், உரல் மாதிரி உடம்பு. எதிரி ஒருவன் பந்தோடு வந்தான். பொன்னுச்சாமி பாய்ந்து தடுத்தான். தடுத்ததில் அவன் கால் எதிரியின் கால்மேல் பட்டுவிட்டது. உடனே நின்று, குனிந்து, எதிரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “தெரியாம பட்டுருச்சுங்க” என்றான். அதற்குள் பந்து என்னையும் தாண்டிப் போய்விட்டது.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பிறத்தியார்மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று நடக்கப் பழகும்போதே எங்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். அன்றைக்கு நாங்கள் ஓடியதைவிடக் குனிந்ததுதான் அதிகம்.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் பொன்னுச்சாமியைக் கூப்பிட்டார். “ஏனுங்க சாமி, கால் பட்டாப் பாவமுன்னா இந்த ஆட்டத்துக்கு என்னத்துக்குங்க வந்தீங்க?”

“பந்துமேல பட்டாப் பாவமில்லீங்களே மாஸ்டர்” என்றான் அவன். மாஸ்டர் எருமையை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் எருமையைக் கோல் கம்பங்களுக்கு நடுவில் கட்டிவிட்டார். பந்தோடு ஓடிவந்து அதன்மேல் இடிக்க வேண்டும், இடித்தபின் குனியாமல் போக வேண்டும், நாலு நாளில் பழக்கம் விட்டுப்போகும் என்பது அவர் ஏற்பாடு. முதலில் வந்தவன் பொன்னுச்சாமி. நன்றாகத்தான் இடித்தான். இடித்துவிட்டு எருமையின் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எருமை தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அது எருமைங்க சாமி” என்றார் மாஸ்டர், அழாத குறையாக.

“உசுருதானுங்களே.”

இப்படியே வரிசையாகத் தோற்றோம். இவன் பின்னால் நின்று கோல் வாங்கித் தருவதைவிட முன்னால் நின்று கும்பிடட்டும் என்று மாஸ்டர் அவனை முன்வரிசைக்கு மாற்றிப் பார்த்தார். அப்போதும் தோற்றோம்.

மிஞ்சியது கடைசி மேட்ச், கோயமுத்தூர்க் காலேஜோடு, எங்கள் மைதானத்திலேயே. அன்று காலையில் மாஸ்டர் எருமைக்குப் புதுக் கயிறு போட்டிருந்தார். சுருட்டிக் கட்டிய ஜமுக்காளம் பக்கத்தில் இருந்தது. தோற்றால் அங்கிருந்தே ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்று எங்களுக்குப் புரிந்தது. பொன்னுச்சாமி அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆனால் மாஸ்டர் சும்மா வரவில்லை. விசில் ஊதுமுன் எங்களை வரிசையாக நிறுத்தி, கோயமுத்தூர்ப் பையன்கள் ஒவ்வொருவரையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார். “இன்னிக்குப் படப்போறதுக்கெல்லாம் சேர்த்து இப்பவே முடிச்சுப்போட்டமுங்க. இனிமேல் ஒருத்தரும் குனியப்படாது” என்றார்.

அது வேறு மாதிரி வேலை செய்தது. கோயமுத்தூர்ப் பையன்களும் எங்களைப் போல வளர்ந்தவர்கள்தானே? தொட்டுக் கும்பிட்டவனை எப்படி உதைப்பது என்று கூசிப்போய்விட்டார்கள். கால் பட்டபோதெல்லாம் இப்போது அவர்கள் குனிந்தார்கள். வெள்ளைக்கார ரெஃப்ரி, இதற்கு என்ன விதி என்று தெரியாமல் விசிலை வாயில் வைத்தபடியே ஓடினார்.

ஆட்டம் முடியும் நேரம்வரை யாருக்கும் கோல் இல்லை. அப்போது எதிரியின் கோல்கீப்பர் பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டு விழுந்தான். ஓடிவந்த பொன்னுச்சாமியின் கால் அவன் தோளில் இடித்தது. பந்து பக்கத்திலேயே கிடந்தது. வேறு எவனாயிருந்தாலும் உதைத்திருப்பான். பொன்னுச்சாமி குனிந்துவிட்டான். மைதானத்தின் இந்தக் கோடியில் நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அத்தனை பெரிய ஆள் குனிவதைக் கண்டு அந்தக் கோல்கீப்பர் பதறி எழுந்து, இருக்கட்டும் இருக்கட்டும் என்று இவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். பிடித்த கையை விடுவதற்குள் எங்கள் ஆள் ஒருவன் பந்தை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டான். கோல்.

என் பின்னால் எருமையோடு நின்றிருந்த மாஸ்டர் என்னைக் கட்டிப்பிடிக்க ஓடிவந்தார். வந்த வேகத்தில் ஆணிச் செருப்பால் என் வெறுங்காலை ஓங்கி மிதித்தார். நான் போட்ட அலறலில் எருமைகூட நிமிர்ந்து பார்த்தது. மாஸ்டர் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “தெரியாம மிதிச்சுப்போட்டேனுங்க சாமி” என்றார்.

“மாஸ்டர், குனியப்படாதுங்களே” என்று அந்தக் கோடியிலிருந்து பொன்னுச்சாமியின் குரல் வந்தது.

மைதானமே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த ஒரு கோலிலேயே ஜெயித்துவிட்டோம். அன்று மாலை எருமையின் புதுக் கயிற்றை அவிழ்த்து, பழைய கயிற்றையே கட்டினோம்.

இந்த வயதில் பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. எருமை மாஸ்டர் ஞாபகம்தான் வருகிறது. அவர் எங்கிருந்தாவது ஓடிவந்து, அந்த ஆணிச் செருப்போடு இன்னொரு தடவை மிதிக்கமாட்டாரா என்று இருக்கிறது.