கேரட் காட்டில் அட்ஜெக்டிவ்

ஞானசேகரனுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் கிரிக்கெட் பைனல். அன்றைக்குப் பார்த்துத்தானா மலைமேல் பிக்கட்டி ஊரில் மாமனார் முனியசாமிக்குக் கேரட் அறுவடை வரவேண்டும்? போன தடவை மாப்பிள்ளையென்று போனவரை மூட்டை தூக்க வைத்துவிட்டார்கள். இடுப்பு இன்னும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. தலையே போனாலும் இந்தத் தடவை போவதில்லை என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மகள் வர்ஷினியின் இங்கிலீஷ் புத்தகம் கண்ணில் பட்டது. மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஜோதி, ஞாயித்துக்கிழமை நான் வரமுடியாது. பாப்பாவுக்குத் திங்கக்கிழமை டெஸ்ட்டு. நான் உக்காந்து சொல்லிக்குடுக்கோணும்."

மனைவி ஜோதிமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன டெஸ்ட்டுங்க?"

"அட்ஜெக்டிவ், நவுன், வெர்ப்பு. எது எதுன்னே அவளுக்குத் தெரியறதில்ல. படிப்பு முக்கியமா, கேரட்டு முக்கியமா?"

"படிப்புத்தானுங்க முக்கியம்."

இவ்வளவு சுளுவாகக் காரியம் முடியுமென்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

ஞாயிறு காலை. ஜோதிமணி செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஸ்வெட்டரோடு வர்ஷினி.

"ஏனுங்க, கெளம்புங்க. புத்தகத்தைப் பையில வெச்சுட்டேன்."

"எங்கே?"

"எங்கப்பாவோட கேரட்டுக் காட்டுக்குத்தான். வாயில சொன்னா இவளுக்கு ஏறாதுங்க, கண்ணுல காட்டோணும். அங்க அட்ஜெக்டிவ் கொட்டிக் கெடக்குது. படிப்பு முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னவர் என்ன செய்வார், பஸ் ஏறினார்.

காட்டில் ஜோதிமணி வரப்பில் புத்தகத்தை விரித்தாள். "பாப்பா, ஹெவின்னா என்னன்னு அப்பா காட்டுவாரு, பாரு." ஒரு மூட்டை தோளில் ஏறியது. ஹெவியருக்கு அதைவிடப் பெரியது. ஹெவியஸ்ட்டுக்கென்றே மாமனார் ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். ஸ்டீப் என்றால் என்னவென்று ரோட்டுக்கு ஏறும் மேடு காட்டியது. ஸ்லிப்பரி பாடத்தைச் சேறே நடத்தி முடித்தது. மூட்டைக்கு மூட்டை போனை எடுத்து ஸ்கோர் தேடினார். டவர் இல்லை.

"புரிஞ்சுதா சாமி?" மூச்சு வாங்கக் கேட்டார்.

"இல்லப்பா, இன்னொருக்கா," என்றாள் வர்ஷினி.

ரோட்டில் நின்ற வண்டி நிறைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மேட்ச் முடிந்து ஊரெல்லாம் டி.வி.யை அணைத்திருக்கும். ஞானசேகரன் அப்படியே வரப்பில் சரிந்தார். அப்போதும் தான் கட்டிவிட்ட பொய்யை விடவில்லை. "நாளைக்கு டெஸ்ட்டுல ஒரு மார்க்கு கொறையட்டும், அப்பறம் இருக்குது."

ஜோதிமணி டீயை நீட்டினாள்.

"டெஸ்ட்டு வெள்ளிக்கிழமையே முடிஞ்சு போச்சுங்க, பாப்பா முழு மார்க்கு. நீங்க அவ்வளவு ஆசையாச் சொல்லிக்குடுக்கறேன்னீங்களா, கெடுக்க மனசு வரலீங்க."