நூற்றைந்து டிகிரி

வெப்பமானியின் முள் தொண்ணூற்றெட்டைத் தொட்டுவிட்டு, அதற்கு மேல் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"இன்னும் ஏழு டிகிரி," என்று அடுப்பைத் தூண்டிவிட்டார் அவர். ஜாம் தொழிற்சாலையில் கொதிகலன் மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வருட அனுபவம். நூற்றைந்து வந்தால் இறக்கு, வராவிட்டால் தொடாதே. இது அவருக்கு வேதவாக்கு. தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயரே 'நூற்றைந்து'தான்.

இப்போது அவர் நின்றுகொண்டிருந்தது தொழிற்சாலையில் அல்ல, மலைமேல் ஒரு விடுதியின் சமையலறையில். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் முதல் உல்லாசப் பயணம். மூன்றே மூன்று நாள். இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்த நேரம். மேட்டு உச்சிவரை நடந்து போய், காடு முழுக்கச் சிவக்கும் அழகைச் சேர்ந்து பார்ப்போம் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வந்து இறங்கியதும் விடுதிக்கார அம்மாள் ஒரு கூடை பிளம்ஸ் பழத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "மரத்துல இருந்து தானா விழுந்தது சார். அழுகுறதுக்குள்ள ஏதாவது பண்ண முடியுமா?" என்றாள். யாரைப் பார்த்து என்ன கேள்வி! அவர் அப்போதே சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"என்னங்க, கிளம்பலாமா?" மனைவி நடைக்கான காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தொலைபேசியில் புகார் கேட்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நாளெல்லாம் காதில் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள்.

"பத்தே நிமிஷம். ஏன் பத்து நிமிஷம்னா, பழத்துல இருக்கிற தண்ணி ஆவியாகணும். ஆகலைன்னா சர்க்கரை சரியாப் பிடிக்காது. பிடிக்கலைன்னா பூஞ்சை வந்துடும். பூஞ்சையில எத்தனை வகைன்னு கேளேன்..."

"நான் முன்னாடி போறேன். நீங்க மெதுவா வாங்க."

"தனியாவா?"

"பரவாயில்லைங்க."

பாவம், எவ்வளவு பொறுமை என்று அவர் மனம் இளகிப்போனது.

ஒருவழியாக நூற்றைந்து வந்தது. ஆனால் பாத்திரத்தில் இருந்தது ஜாம் அல்ல. கரண்டி நட்டுவைத்த கம்பம்போல நின்றது. இளக்கலாம் என்று தண்ணீர் ஊற்றினார். அடி பிடித்தது. அடியைச் சுரண்டினார். பாத்திரத்தில் ஓட்டை விழுந்தது.

"பாத்திரம் போனாப் போகுது சார்," என்று விடுதிக்கார அம்மாள் அதைவிடப் பெரிய பாத்திரத்தைக் கொடுத்தாள். கூடவே இரண்டாவது கூடைப் பழம். ஓட்டை போட்ட கையால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாம் நாளும் மனைவி தனியாகவே கிளம்பினாள். அவரோ ஆவியில் முகம் தெரியாமல் நின்றார். மூச்சு முட்டவே, ஜன்னலைத் திறந்தார்.

மேகம் விலகிக்கொண்டிருந்தது. எதிர்மலை அடிவாரத்திலிருந்து உச்சிவரை மஞ்சளும் செம்மையுமாக எழுந்து நின்றது. இத்தனை பெரிய ஒன்று நேற்றிலிருந்து இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது! கரண்டியும் கையுமாக அப்படியே மலைத்து நின்றுவிட்டார். பின்னால் ஜாம் பொங்கி வழிந்து, அடுப்பை அணைத்து, தரையில் இறங்கி, கதவுவரை போய்விட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடியும் முள் தொண்ணூற்றெட்டில் நின்றபோது விடுதிக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இறக்கிடுங்க சார். கீழே இருக்கிற கணக்கு இங்க எடுபடாது. இந்த உயரத்துல தண்ணியே தொண்ணூத்திமூணுல கொதிச்சிடும். ஜாமுக்குத் தொண்ணூத்தெட்டு போதும்."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க. நடுவுல நுழைய முடியலை. இருங்க, அடுத்த கூடையைக் கொண்டுவர்றேன்."

இருபத்திரண்டு வருட வேதவாக்கு மலைக்கு வந்ததும் செல்லாமல் போய்விட்டது. அவர் அடுப்பை அணைத்தார். வெயில் சாய இன்னும் ஒரு மணி நேரம்தான். சமையலுக்குக் கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றக்கூட மறந்து, மேட்டுப் பாதையில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

உச்சியில் மனைவி ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். பள்ளத்தாக்கு முழுக்கக் காடு பற்றி எரிவதுபோலச் சிவந்து கிடந்தது. காற்று வீசினால் ஆயிரக்கணக்கான இலைகள் ஒன்றாகக் கிளம்பி, விழ மனமில்லாமல் மிதந்தன. இலை ஏன் சிவக்கிறது என்பது அவருக்குத் தெரியும். விளக்கிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அவர் கண்ணில் ஏனோ தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் மெல்ல அவர் கையைப் பிடித்தாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லை. என்ன சொல்றதுன்னு தெரியலை."

அவள் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"மூணு நாளா உன்னைத் தனியா அலைய விட்டுட்டேனே," என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்று அவசரமாகச் சொன்னாள் மனைவி. "அடுத்த தடவை நீங்களும் முதல் நாளே வாங்க. இதே மாதிரி."

கைகோத்தபடி இறங்கி வந்தார்கள். விடுதி வாசலில், இடுப்பில் மூன்றாவது கூடையோடு விடுதிக்கார அம்மாள் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். மனைவி கண்ஜாடை காட்டுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்:

"மன்னிச்சுக்கங்கம்மா! 'மலையைச் சத்தமில்லாம பார்க்கணும், அவர் கையில பழம் தீரவே கூடாது'ன்னு ரூம் புக் பண்ணும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நான் பறிச்சுட்டு வர்றதுக்குள்ள சார் தப்பிச்சுட்டாரு!"