தூங்குமூஞ்சி அம்மன்

முரளி மேஸ்திரி வெட்டுவதற்காகக் குறி வைத்திருந்த மரத்துக்குக் காலையில் யாரோ புடவை கட்டியிருந்தார்கள்.

மஞ்சள் புடவை, சிவப்புக் கரை. அடியில் அகல் விளக்கு, வாழைப்பழம், ஊதுபத்தி. ராத்திரி ஷிப்டு முடித்து வந்த பெண்கள் கம்பெனி பஸ்ஸைக்கூட விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எந்தச் சாமானும் ஒரே ராத்திரியில் தயாராகிவிடும் என்பது முரளிக்குத் தெரியும். சாமியும் தயாராகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எவன்டா இந்த வேலைய பாத்தது?"

"நீதான் மேஸ்திரி," என்றான் பார்த்திபன். முரளியின் ஆட்களில் மிஷின் ரம்பம் பிடிப்பவன் அவன். உண்மையைச் சொல்வதற்கு நேரம் காலம் பார்க்கமாட்டான்.

மழைக்காலத்துக்கு முன்னால் ரோட்டோரத்து ஆபத்தான மரங்களை வெட்டித் தள்ளுவது முரளியின் ஆட்களுக்கு வேலை. கோடாலியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்ப்பான் முரளி. டங்கென்றால் மரம் நல்ல மரம். தொம்மென்றால் உள்ளே ஓட்டை. ஓட்டை மரத்துக்குச் சிவப்பு பெயிண்டில் குறி விழும், மறுநாள் ரம்பம் வரும். ஒரு நாளைக்கு ஒரு ரோடு முழுக்கத் தட்டுகிறவன், எந்த மரம் என்ன சொன்னது என்று தலையில் வைத்துக்கொள்வதில்லை. அது குறியின் வேலை.

நேற்று சாயங்காலம் இந்த பஸ் ஸ்டாப்பில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்களைத் தட்டினான். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற மரங்கள். அதில் ஒன்று தொம்மென்றது. பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் உள்ளே காய்ந்து கட்டியாகிக் கிடந்தது.

"எல்லம்மாக்கா, கோடாலிக்குப் பூஜை போட்ட குங்குமம் மீதி இருக்குதில்ல? எண்ணெயில கொழச்சி இதுக்கு ஒரு பெரிய பொட்டா வெச்சிடு."

அவன் ஆட்களில் குறி போடுகிறவளான எல்லம்மா முகத்தைச் சுளித்தாள். "குங்குமமா? இதுக்கா?"

"இன்னாத்துக்கு இழுக்கிற? வெச்சிட்டு வா. அப்பிடியே நாளைக்கு வரும்போது பஜார்ல பெயிண்ட் ஒண்ணு வாங்கினு வந்துடு."

அதற்குள் அவன் போன் அடித்தது. பேசிக்கொண்டே லாரிப் பக்கம் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. போனில் வனத்துறை ரேஞ்சர் வசந்தகுமார். கடலில் புயல் உருவாகியிருக்கிறது, பஸ் ஸ்டாப் மரம் நாளை சாயங்காலத்துக்குள் கீழே கிடக்க வேண்டும் என்றார்.

சொல்லாவிட்டாலும் முரளி வெட்டியிருப்பான். போன மழைக்கு விழுந்த ஒரு மரத்தின் அடியிலிருந்து யாரோ ஒரு அம்மாவின் டிபன் டப்பாவை எடுத்தவன் அவன். உள்ளே எலுமிச்சைச் சாதம் இன்னும் சூடாக இருந்தது. அன்றிலிருந்து அவன் வீட்டில் எலுமிச்சைச் சாதம் கிடையாது. காரணம் கேட்ட மனைவியிடம் புளிப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறான்.

இப்போது அவன் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அம்மா, இது சாமி இல்லம்மா. வெட்டுற மரம். இந்தப் பொட்டு நாங்க வெச்சது."

முன்னால் நின்ற சந்திரகலா திரும்பினாள். பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். ஒரே ராத்திரியில் இந்தக் கோயிலுக்கும் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள்.

"பாத்தீங்களாடி! அம்மா எங்களையெல்லாம் உட்டுட்டு இவரு ஆளுங்களத் தேடிப் போயி பொட்டு வாங்கிக்கினு இருக்கா!"

முரளியின் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது.

அவனுக்கு ஒரு சட்டம் உண்டு: ரம்பம் வைக்கும் முன்னால் மரத்தை இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட வேண்டும். கோடாலியோடு கிட்டே போனான். பத்துப் பேர் பாய்ந்து வந்தார்கள்.

"செருப்புக் காலோட வராத! கோடாலியோட வராத! அம்மாவ அடிக்கவா வர்ற?"

முரளி பின்வாங்கினான். ஜனங்கள் கிட்டே வராமலிருக்க மரத்தைச் சுற்றி மஞ்சள் எச்சரிக்கை ரிப்பனைக் கட்டச் சொன்னான். அதைப் பார்த்ததும் ஒருத்தி, "அம்மாவுக்குக் காப்பு கட்டியாச்சு!" என்று குலவை போட்டாள். ரிப்பனை ஒட்டி அழகாக வரிசை நின்றது. அதுவரை கூட்டமாக இருந்தது, ரிப்பனுக்குப் பிறகு கோயிலாகிவிட்டது.

"ரம்பத்த ஸ்டார்ட் பண்ணுடா, சத்தத்துக்கே ஓடிடுவாங்க," என்றான் முரளி.

பார்த்திபன் கயிற்றை இழுத்தான். ரம்பம் அலறியது. ஒருவரும் ஓடவில்லை. இரண்டு பெண்கள் சத்தத்துக்கு ஏற்றபடி தலையைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். அவன் பயந்துபோய் ரம்பத்தை நிறுத்தினான். ஒரு கிழவர் வந்து அதன் பிளேடில் எலுமிச்சம்பழத்தைக் குத்திவிட்டு, "நல்லா ஓடும் நைனா," என்று ஆசீர்வாதம் செய்தார். முரளி அந்தப் பழத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரேஞ்சருக்குப் போன் போட்டான்.

"சார், ஜனம் குந்திக்கினு எழுந்திரிக்க மாட்டேங்குது சார்."

"கூட்டத்தைக் கலைச்சிட்டு வெட்டுய்யா."

"எப்பிடி சார் கலைக்கிறது?"

"யார் மனசும் புண்படாம கலைக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

மத்தியானம் பொங்கல் வைத்தார்கள். வடநாட்டுப் பையன்கள்கூடத் தொன்னையோடு வரிசையில் நின்றார்கள். தூங்குமூஞ்சி அம்மன் என்று பெயரும் ஆகிவிட்டது. ஷிப்டு பார்ப்பவர்களின் தூக்கத்தை எல்லாம் அவள் தூங்கிக்கொடுப்பாளாம்.

நான்கு மணிக்கு வானம் கறுத்தது. கடல் பக்கமிருந்து காற்று ஒரே சீராக வர ஆரம்பித்தது. கம்பெனி பஸ்கள் வந்து அடுத்த ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டன. அவர்களும் அம்மனிடம் வந்து நின்றார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி, சாதக் கூடையோடு ஒருத்தி. முரளி அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றான். காற்று இன்னும் கொஞ்சம் ஏறினால் இவர்களை எல்லாம் மரத்தடியிலிருந்து தன் கையால்தான் பொறுக்க வேண்டும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அவனுக்கு வாழ்க்கையில் சாமி வந்ததில்லை. மனைவிக்கு வந்து பார்த்திருக்கிறான். அதை மனதில் வைத்துக்கொண்டு, கழுத்து மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, "ஏய்ய்ய்!" என்று ஒரு கூச்சல் போட்டான். அவன் சத்தத்துக்கு அவனே பயந்துவிட்டான்.

கூட்டம் மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டது. பார்த்திபன் மட்டும், "மேஸ்திரி, ஒடம்புக்கு இன்னா?" என்றான்.

"நான் மேஸ்திரி இல்லடா! இந்த மரத்துல குந்திக்கினு இருக்கிறவ! எனக்கு இந்த மரம் வாணாம். சட்டையக் கழட்டுற மாதிரி இதக் கழட்டிப் போடப் போறேன். ரம்பம் கொண்டாடா!"

சந்திரகலா தடாலென்று காலில் விழுந்தாள். "தாயே! நாங்க இன்னா பண்ணணும் தாயே?"

"என் அடியில ஒருத்தரும் நிக்கக் கூடாது!"

"மழை வருதே தாயி, எங்க போயி நிக்கிறது?"

முரளி ஆடிக்கொண்டே பக்கத்து மரத்தைக் கையால் காட்டினான். "அவ என் தங்கச்சி! அவ மடியில போயி நில்லுங்க! அவ பாத்துக்குவா உங்கள!"

மொத்த ஜனமும் விளக்கு, தொன்னை, குழந்தை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பக்கத்து மரத்தடிக்கு ஓடியது. தூறல் விழ ஆரம்பித்ததும் தண்டோடு தண்டாக நெருக்கியடித்து நின்றார்கள். முரளிக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லியாவது இத்தனை உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சு விம்மியது. மரம் ஜனங்களுக்கு எதிர்ப்பக்கம் விழும்படி இடம் பார்த்தான், தன் ஆட்களைத் தள்ளி நிற்க வைத்தான், விசில் கொடுத்தான்.

பார்த்திபன் ரம்பத்தை வைத்தான். ஓட்டை மரமென்றால் இரண்டு விரல் ஆழத்துக்கு அப்புறம் பழுப்பாக மக்குப் பொடி கொட்ட வேண்டும். வெள்ளை வெளேரென்று புது மரத்தூள் கொட்டியது. நான்கு விரல், ஒரு சாண். இன்னும் வெள்ளைதான்.

"மேஸ்திரி, உள்ள கல்லு மாதிரி கீதே," என்றான் பார்த்திபன்.

காற்று பலமாக ஒரு தள்ளு தள்ளியது. அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து எல்லம்மா இறங்கினாள். கையில் புது பெயிண்ட் டப்பா.

"புயல்னு மத்தியானம் வரிக்கும் பஜார்ல கடையே தொறக்கல, ஒரே பேஜாரு," என்று மூச்சு வாங்க வந்தவள், ரம்பம் நிற்கிற இடத்தைப் பார்த்துத் திகைத்தாள். "ஐயோ, இந்த மரத்த ஏன் மேஸ்திரி அறுக்குற?"

"நீதானேக்கா பொட்டு வெச்ச?"

"ஓட்ட மரத்துக்குக் குங்குமம் வெச்சா சாமி குத்தமாச்சே! பின்னமானதுக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா? அதான் பெயிண்ட் வந்ததும் அதுக்குப் போட்டுக்கலாம்னு, கொழச்ச குங்குமத்தக் கீழ கொட்டக் கூடாதேன்னு நேத்து பக்கத்து நல்ல மரத்துக்கு வெச்சேன். நீ காட்டுன ஓட்ட மரம் அதோ, அத்தினி ஜனமும் ஒண்டிக்கினு நிக்குதே, அது!"