பெருநாளும் பெருவிரலும்

காரைக்கால்,
ஷவ்வால் பிறை 9, 1956

சைகோனில் ஜவுளிக்கடை நடத்தும் மச்சினர் நூர் அகமது அவர்களுக்கு, உங்கள் உடன்பிறந்த லாத்தா உம்மு சல்மாவைக் கட்டிய மதார் சாகிப் ஸலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையில் இங்கே எல்லாரும் நலம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம்.

நிற்க. இனிமேல் வருஷா வருஷம் நீங்கள் அனுப்பும் உலர்பழப் பெட்டியைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். கோபம் ஒன்றும் இல்லை. ரமலானுக்கு முன்னால் என் வலது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஆறவே இல்லை. டாக்டர் சிதம்பரநாதன், இது சர்க்கரை வியாதி, நோன்பே வேண்டாம் என்றார். நாற்பது வருஷமாக விடாத நோன்பை ஒரு விரலுக்காக விடுவேனா? அவர் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் கொடுத்து, சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சிப் பாருங்கள், நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சை பரவாயில்லை, மஞ்சள் மோசம், செங்கல் நிறம் வந்தால் ஓடி வாருங்கள் என்றார். நோன்பு திறக்க ஒரே ஒரு பேரீச்சம்பழம்தான் என்றும் சொன்னார்.

நானோ பிரெஞ்சுக்காரன் சுங்கத்தில் முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன். விதி என்றால் விதி. நோன்பு திறக்கும் பழம் ஒற்றைப்படையில் இருப்பது நபிவழி, மூன்றும் ஒற்றைப்படைதானே என்று மூன்றில் ஆரம்பித்தேன். பள்ளிவாசலில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "எங்க வீட்டுப் பழம் ஒண்ணு எடுங்க பாய், எனக்கும் நன்மை கிடைக்கட்டும்" என்பார். அடுத்தவர் நன்மையைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை? அது நாலு. நாலு இரட்டைப்படை ஆயிற்றே, அதைச் சரிக்கட்ட ஐந்து. திரும்பும் வழியில் என் தங்கச்சி சஃபியா வாசலில் மறித்து ஒன்றைத் திணிப்பாள், ஆறு. வீட்டுக்கு வந்து ஏழு. பிறகு உங்கள் சைகோன் பெட்டி. அது பேரீச்சை இல்லையே, கணக்கில் வராது என்று நினைத்தேன், ஆனாலும் மனசு கேட்காமல் திராட்சையையும் எண்ணித்தான் தின்றேன். முப்பத்தொன்று வரைக்கும் போயிருக்கிறேன்.

குழாய் செங்கல்லாகச் சிவந்தது. மருந்து கெட்டுப்போச்சு என்று டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "சீனி தொடலிங்க, மிட்டாய் தொடலிங்க, மரத்துல காய்ச்ச பழம்தான் தின்னேன், அது எப்படிங்க சர்க்கரை ஆகும்?" அவர், "பழம் காயும்போது தண்ணிதாங்க போகும், சர்க்கரை எங்கேயும் போகாது. நீங்க தின்ன ஒரு கைப்பிடி ரெண்டு கொத்துத் திராட்சைக்குச் சமம். பெருநாளைக்குள்ள பச்சைக்கு வரலேன்னா விரலை எடுத்துடுவேன்" என்றார். மச்சான், உங்களிடம் மறைப்பானேன், வரும் வழியில் வண்டிக்குள் அழுதேன். பெருநாள் தொழுகைக்கு நொண்டிக்கொண்டு போய் நிற்பதை நினைத்துத்தான் அந்த அழுகை.

அன்றைக்குப் பதினைந்தாம் நோன்பு. அன்றே முடிவு கட்டினேன், ஒன்றுக்கு மேல் தொடுவதில்லை. ஆம்பளைக்கு மன உறுதி வேண்டும் மச்சான்! ஊரும் ஒரு மாதிரி மாறிப்போச்சு. நீட்டுகிற கை ஒன்றும் இல்லை, சஃபியா கதவையே திறக்கவில்லை, பேரீச்சை கொண்டுவரும் பஸ்ரா கப்பல் வரவில்லையோ என்னவோ. எது எப்படியோ, இருபத்தேழாம் நோன்பன்று குழாய் பச்சை. பெருநாள் காலையில் நீலம், சுத்த நீலம். புண்ணும் காய்ந்து தோல் மூடிவிட்டது. டாக்டரே எழுந்து வந்து கைகொடுத்தார். ஆண்டவன் நாடினால் அடுத்த வருஷமும் நோன்பு வைப்பேன், நடந்தே பள்ளிக்குப் போவேன்.

பெட்டி மட்டும் வேண்டாம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
மதார் சாகிப்

பின்குறிப்பு: தம்பி, இது லாத்தா எழுதுறது. உறை ஒட்டுற வேலை என்னுது, அதனால படிச்சுட்டேன். கப்பலெல்லாம் ஒழுங்காத்தான் வந்துச்சு. அவர் அழுத கண்ணோட வந்ததைப் பார்த்ததும் நானும் சஃபியாவும் தெருவுல ஒரு வீடு விடாம ஏறி, "அவருக்கு ஒரு பழம் கொடுத்தா அந்த விரலை வெட்டுற பாவம் உங்களுக்குத்தான்"னு சொல்லிட்டு வந்தோம். பள்ளிவாசல்ல இவர் தலையைக் கண்டாலே தட்டை மறைச்சிருக்காங்க. வீட்டுல இருந்த பெட்டியை அரிசிக் குதிருக்குள்ள புதைச்சுட்டேன். மன உறுதிக்காரர் மூணு நாள் அலமாரியைத் துழாவினது எனக்குத் தெரியும். பெட்டியை நீ அனுப்பு, சஃபியா பேருக்கு அனுப்பு, இதைப் பத்தி அவர்கிட்ட வாய் திறக்காத வீட்டுக்கெல்லாம் பங்கு வைக்கணும். அவருக்குப் பதில் எழுதும்போது மட்டும் மன உறுதியை நல்லா மெச்சி எழுது. விரல் எனக்குக் கிடைச்சுடுச்சு, பெருமை அவருக்கே இருக்கட்டும்.